இரண்டாவது வரி

ஐந்து. மறுபடியும் ஐந்துதான். சேலம் தாண்டியதிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன், ஸ்டீயரிங்கின் மேல் இவருடைய ஆள்காட்டி விரல் ஐந்து முறை தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஆறில் நிற்க வேண்டிய விரல். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷமாக இந்தத் தட்டலோடுதான் குடும்பம் நடத்துகிறேன். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிற மனுஷன். மேலே இன்ஜின் தீப்பிடித்தால் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது என்று ஆறு வரியை நெட்டுரு போட வைத்திருக்கிறார்கள், வரிக்கு ஒரு தட்டு. பல் தேய்க்கும்போது தட்டுவார், தட்டில் தோசை வரும்வரை தட்டுவார், நிரஞ்சனா பிறந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்ததை என் அக்கா இன்னும் சொல்லிச் சிரிப்பாள். இவர்கள் சொல்வது ஆங்கிலத்தில், எனக்குள் அது எப்போதோ தமிழாகிவிட்டது. வேகத்தைக் குறை. எந்த இன்ஜின், உறுதி செய். அந்த இன்ஜினை அணை. எரிபொருளை அடை. தீயணைப்புப் பட்டனை அழுத்து. கீழே இறங்கு. மாவு அரைக்கும்போதுகூட எனக்கு இதுதான் வாயில் வரும். இப்போது இவர் உதட்டை ஓரக்கண்ணால் பார்க்கிறேன், வேகத்தைக் குறை, அந்த இன்ஜினை அணை, என்று தாண்டிப் போகிறது, நடுவில் ஒன்று இருந்ததே இல்லை என்பது போல. அந்த ஹெலிகாப்டருக்கு இரண்டு இன்ஜின். ஒன்று எரிந்தாலும் இன்னொன்றை வைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். எது எரிகிறது என்று பார்க்காமல் கையை வைத்தால் நன்றாக ஓடுவதை அணைத்துவிட முடியும். அப்புறம் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சொல்லிவிடலாமா? எப்படிச் சொல்வது, பின்சீட்டில் மாமாவும் பிள்ளையும் இருக்கிறார்கள். அதற்கும் மேல் எங்கள் குடியிருப்பில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது, பறக்கிற விஷயத்தில் பெண்டாட்டி வாய் திறக்கக் கூடாது. பறக்கப் போகிற காலையில் சண்டை கூடாது, கேள்வி கூடாது, எத்தனை மணிக்கு வருவீங்க என்றுகூடக் கேட்கக் கூடாது. நாளைக்கு இவர் பறக்கப் போவதில்லை, பெங்களூரில் சிமுலேட்டர் என்கிற பெட்டிக்குள் உட்கார்ந்து தரையில் இருந்தபடியே பறப்பார், நாலு நாள் பயிற்சி. வெளியே ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு தீயை மூட்டிவிட்டு இவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார். வருஷா வருஷம் நடக்கிறதுதான். வருஷா வருஷம் ஒற்றைப் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டு, மைசூர்பாகு டப்பாவோடு திரும்பி வருவார். இந்த வருஷம் என்ன வந்ததோ, எல்லாரும் போவோம் வல்லி, அப்பாவையும் கூப்பிடு, நிருவுக்கு மிருகக்காட்சி சாலை காட்டலாம் என்றார். நான் ஸ்கூலில் லீவு கேட்டு, பிரின்சிபாலிடம் பேச்சு வாங்கி, விருதுநகரிலிருந்து மாமாவை வரவழைத்து, புளியோதரை கட்டி, வாந்திக்குக் கவர் எடுத்து வைத்து, இத்தனையும் எதற்கு? காரில் உட்கார்ந்து விரல் எண்ணுவதற்கு.

"ஏம்மா வல்லி, அந்த ஏசியைக் கொஞ்சம் கொறம்மா, காதுக்குள்ள குத்துது" என்கிறார் மாமா. குறைக்கிறேன். "தாத்தா, எனக்குப் புழுங்குது" என்கிறாள் நிரஞ்சனா. கூட்டுகிறேன். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிரைவராக இருந்தவர் மாமா, மகன் ஓட்டுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்து வர அவருக்குத் தெரியாது. "ஏப்பா, முன்னால போற லாரிக்காரன் பிரேக் லைட் எரியல, தள்ளியே போ." "சரிப்பா." "இண்டிகேட்டரை முன்கூட்டியே போடணும்ப்பா." "சரிப்பா." அப்பாவுக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்கிறவர், போன வாரம் நான் உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்ததற்கு அரை மணி நேரம் வாதாடினார். உப்பு இடது பக்கம் இருந்தால் கை தானாகப் போகுமாம், பழக்கத்தை உடைக்கக் கூடாதாம். கை தானாகப் போகிற பழக்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்திய அதே கை இப்போது ஐந்தில் நிற்கிறது. எனக்கு வருகிற எரிச்சலுக்கு அந்த விரலைப் பிடித்து இன்னொரு முறை நானே தட்டிவிடலாம் போலிருக்கிறது.

ஒருவேளை நான்தான் தப்பாக எண்ணுகிறேனோ. இருக்கும். தூக்கம் சரியில்லை, நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறியவள். அல்லது புத்தகத்தையே மாற்றியிருப்பார்கள், அவர்கள் அடிக்கடி எதையாவது திருத்திக்கொண்டே இருப்பார்கள், புதுத் தாள் வரும், பழைய தாளைக் கிழித்துவிட்டு ஒட்டிக்கொள்வார்கள். ஆறை ஐந்தாக்கியிருப்பார்கள். எந்த முட்டாள் அந்த வரியை எடுப்பான்? மற்ற எந்த வரியை எடுத்தாலும் அதை எடுப்பானா? சரி, இப்போது பார்ப்போம். உதடு அசைகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விரல் தூக்கியபடியே நிற்கிறது. அரை நொடி, ஏதோ வர வேண்டியது வரவில்லை என்பது போல அந்தரத்தில் நிற்கிறது, அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்கிறது. கடவுளே, விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

நேராகக் கேட்க முடியாது, சுற்றி வளைத்துக் கேட்கிறேன். "ஏங்க, ரெண்டு இன்ஜின்ல எதுல தீன்னு உள்ள இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்னைத் திரும்பிப் பார்க்கிறார், பதின்மூன்று வருஷத்தில் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "என்ன திடீர்னு?" "சும்மாதான். நிரு ஸ்கூல்ல கேட்டாங்களாம்." நிரு பின்னால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருக்கிறாள், நல்லவேளை. "சிவப்பு விளக்கு எரியும். எந்தப் பக்கம் எரியுதோ அந்தப் பக்கம். அதுக்கப்புறம் சூட்டைக் காட்டுற மீட்டரையும் பாக்கணும், விளக்கை மட்டும் நம்பக் கூடாது. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் கை வைக்கணும்." அப்பாடா என்றிருக்கிறது. எல்லாம் தெரிகிறது, மணி மணியாகச் சொல்கிறார், நான்தான் பைத்தியக்காரி மாதிரி எண்ணிக்கொண்டு வருகிறேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடிக்கிறேன். வெளியே கொய்யாப்பழக் கடைகள் வரிசையாகப் போகின்றன, நின்று ஒரு கிலோ வாங்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். மூடியைத் திருகுவதற்குள் விரல் தட்ட ஆரம்பிக்கிறது. ஐந்து. சொல்லி ஒரு நிமிஷம் ஆகவில்லை. இவ்வளவு விவரமாக எனக்குச் சொல்லிவிட்டு, தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது விட்டுவிடுகிறார். கேட்டால் தெரிகிறது, கேட்காவிட்டால் இல்லை. தீப்பிடிக்கிற நேரத்தில் மேலே யார் இவரிடம் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

மார்ச் மாதத்துக்கு நான் போக மாட்டேன். போகக் கூடாது என்று சேலத்திலிருந்தே என்னைப் பிடித்து வைத்திருக்கிறேன், ஆனால் மனசு அங்கேதான் போய் நிற்கிறது, கட்டின மாடு கணக்காக அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. பேட்மின்டன் கோர்ட். யாரோ தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்த ஈரம். பின்னால் ஓடிப் பந்தை அடிக்கப் போய், கால் வழுக்கி, பின்மண்டை சுவரில் மோதி விழுந்தாராம். கூட விளையாடினவன் இவருக்கு நாலு வருஷம் ஜூனியர், பயந்துபோய் வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டுவிட்டு, அண்ணி, சார் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கலை என்றான். எவ்வளவு நேரம் என்றேன். ரெண்டு நிமிஷம் இருக்கும் அண்ணி. துணியில் ஐஸ் கட்டி வைத்தேன். வீக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது. முகாம் ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான், ஆனால் எங்கள் வீடுகளில் யாரும் நடந்து போக மாட்டோம். பைலட்டுக்கு மூக்கடைப்பு என்றால்கூட அந்த டாக்டரிடம் போகக் கூடாது, எழுதிவிடுவார், பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள். சளி மாத்திரை வாங்கப் பதினெட்டு கிலோமீட்டர் டவுனுக்குப் போய் எங்களைத் தெரியாத மெடிக்கல் ஷாப்பில் வாங்குவோம். அங்கே பக்கத்து வீட்டு மிஸ்ராவின் மனைவியும் நிற்பாள், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மாதிரி திரும்பி வருவோம். அப்படியொரு பழக்கம். அன்றைக்கு இவர் நல்ல புத்தியோடு கேட்டார். ஐஸைப் பிடித்துக்கொண்டே, டாக்டரைப் பாத்துடட்டுமா வல்லி, ரெண்டு நிமிஷம் எதுவும் ஞாபகம் இல்லை என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். வருஷக் கடைசியில் ஸ்குவாட்ரன், அந்த ஹெலிகாப்டர் பிரிவு மொத்தமும், இவர் பொறுப்புக்கு வர இருந்தது. தலையில் அடி என்று எழுதினால் ஆறு மாசம் பறக்க விடமாட்டார்கள், அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். ஒண்ணும் ஆகல, பேசாம படுங்க, காலையில சரியாயிடும். நான் சொன்னேன், இந்த வாயால்.

"ஏத்தம் வருதுப்பா, மூணாவதுல போடு, நாலாவது இழுக்காது" என்கிறார் மாமா. தொப்பூர் ஏற்றம். லாரிகள் முக்கிக்கொண்டு ஏறுகின்றன, எதிர்ப்பக்கம் இறங்குகிறவை பிரேக் தீய்ந்த வாசனையோடு வருகின்றன. கண்ணாடியை ஏற்றியும் அந்த வாசனை உள்ளே வருகிறது. இவர் மூன்றாவதுக்கு மாற்றுகிறார், சரியாகத்தான் மாற்றுகிறார், ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எதிலாவது தடுமாறித் தொலைத்தால் தேவலை, பால்காரன் பெயரை மறந்தால், வீட்டு வழியை மறந்தால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பேன். மூன்று மாசமாக உற்றுப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. அக்கா பிள்ளைகளின் பிறந்தநாள்கூட இருந்தது. வீட்டில் என் எதிரில் தட்டுவதைத்தான் குறைத்திருந்தார், வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன். உள்ளே போய் அந்த ஒரு வரியை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒவ்வொரு வாரமும் இரண்டு நாள் இவர் அது இல்லாமலே மேலே போய்விட்டு வந்து, வல்லி பசிக்குது என்றிருக்கிறார். நான் சோறு போட்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை மூன்று ஜவான்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மூன்று பேர் வீட்டிலும் யாரோ சோறு போட்டிருப்பார்கள்.

நாளைக்குச் சிமுலேட்டரில் தெரிந்துவிடும், அவர்களே பிடித்துவிடுவார்கள், நான் எதற்கு வாய் திறக்க வேண்டும்? நன்றாக இருக்கிறது, என் வேலையை வேறு ஒருத்தர் தலையில் கட்டுகிறேன். ஆனால் தெரியாமலும் போகலாம். ஏறுவதற்கு முன்னால் புத்தகத்தைப் புரட்டினால் வரி திரும்பி வந்துவிடும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், நாங்கள் மிருகக்காட்சி சாலையில் யானைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவோம். பறக்கலாம் என்று ஒரு வருஷத்துக்கு உத்தரவு. சொன்னாலோ, அதோடு எல்லாம் முடிந்தது. இந்த மனுஷனிடமிருந்து ஹெலிகாப்டரை எடுத்துவிட்டால் மிச்சம் யார் இருப்பார் என்று எனக்குத் தெரியாது, அவரை நான் பார்த்ததே இல்லை. என்னை மன்னிப்பாரா? மன்னிக்காவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்து மன்னிக்காமல் இருக்கட்டும். இப்படி நினைக்கும்போதே அழுகை வருகிறது, அழுகை வந்ததும் கோபம் வருகிறது. எல்லாவற்றையும் நானே எண்ண வேண்டும், நானே பயப்பட வேண்டும், இவர் மூன்றாவது கியரில் ஜம்மென்று ஏறிக்கொண்டிருப்பார். ஐந்து. எண்ணுவதை நிறுத்தித் தொலையேன் மனசே.

"அம்மா, வருது" என்கிறாள் நிரஞ்சனா. கவரை எட்டிக் கொடுப்பதற்குள் பாதி அவள் சட்டையில், பாதி மாமாவின் வேட்டியில். "ஓரம் கட்டுப்பா, ஓரம் கட்டு, கண்ட எடத்துல நிறுத்திராத" என்று மாமா கத்துகிறார். ஏற்றம் முடிந்து அகலமான இடமாகப் பார்த்து இவர் நிறுத்துகிறார். பிள்ளையை இறக்கி, வாயைக் கழுவி, சட்டையை மாற்றி, மாமாவுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிறேன். "பிள்ளையைக் கொஞ்சம் காத்தாட நடக்க வைக்கிறேன், நீங்க வண்டியைத் தொடைங்க" என்று மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் போகிறார். இவர் பின்சீட்டைத் துடைக்கிறார், நான் தண்ணீர் ஊற்றுகிறேன். புளித்த நாற்றம். கழுத்து வெயிலில் எரிகிறது. இதைவிட மோசமான நேரம் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இதை விட்டால் பெங்களூர் வரை ஏசி, மாமா, இண்டிகேட்டர்.

"ஏங்க."

"ம்."

"அஞ்சுதான் தட்டுறீங்க."

உனக்கென்ன தெரியும் என்பார் என்று பார்த்தேன். சிரிப்பார் என்று பார்த்தேன். துணியைப் பிழிந்து கதவின் மேல் போட்டார், அதன் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"தெரியும்" என்றார். "ஆறு இருக்கணும். அஞ்சுதான் வருது. எது போச்சுன்னுதான் தெரியல வல்லி."

"ரெண்டாவது. எந்த இன்ஜின்னு உறுதி செய்யணும்."

"ஆமா" என்றார். "ஆமா. அதான்." காணாமல் போனதை யாரோ தேடிக் கொடுத்த மாதிரி முகம் ஒரு கணம் தெளிந்தது, அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "காலையில கூடப் புக்கைப் பாத்தேன். பாத்தா வந்துடுது. ஒரு மணி நேரத்துல மறுபடி போயிடுது, போனதும் தெரிய மாட்டேங்குது. விரலை எண்ணித்தான் கண்டுபிடிக்கிறேன்."

"எத்தனை நாளா?"

"ஏப்ரல்லருந்து."

"அதோடயா பறந்தீங்க?"

"பறந்தேன்."

அடித்திருப்பேன். நடுரோட்டில், வாந்தி நாற்றத்துக்கு நடுவில், ஒரு விங் கமாண்டரைக் கன்னத்தில் அறைந்திருப்பேன், கையில் பாட்டில் இருந்தது. தெரிந்திருக்கிறது இவருக்கு. நான் மார்ச்சை மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்க, இவர் ஏப்ரலை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு. "அப்புறம் எங்களை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க? மிருகக்காட்சி சாலைக்கா?" என்றேன், குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

இவர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சாலையைப் பார்த்தார். "தனியா வந்தா சொல்ல மாட்டேன் வல்லி. ஏறுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் படிச்சுட்டு ஏறினா பாஸ் பண்ணிடுவேன், எனக்கு நல்லாத் தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துடுவேன், திங்கக்கிழமை பறப்பேன். நீ கூட இருந்தா அது நடக்காது. நீ எண்ணுவ."

பதின்மூன்று வருஷமாக நான் எண்ணுவது இவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"டாக்டர்கிட்ட நானும் வர்றேன்" என்றேன். "மார்ச்சுலருந்து சொல்லணும். போக வேண்டாம்னு நான் சொன்னதையும் சொல்லணும்."

"அது வேண்டாம்."

"வேணும்."

இவர் மறுக்கவில்லை. புளியமரத்தடியில் மாமா பேத்தியிடம் ஏதோ லாரியைக் காட்டி அதன் கியரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தெளிந்துவிட்டாள், சிரித்தாள். கிருஷ்ணகிரி, ஓசூர், இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. இன்ஜினை அணைத்து எடுத்த சாவி இவர் கையில் இருந்தது. நான் கையை நீட்டினேன்.

"சாவியைக் குடுங்க."

சண்டைக்குத் தயாராக நின்றேன். இது கார்தானே, ஹெலிகாப்டரா, இவ்வளவு நேரம் யார் ஓட்டிட்டு வந்தது, நீ நெடுஞ்சாலையில எப்ப ஓட்டியிருக்க, அப்பா என்ன நினைப்பார் என்று இவர் சொல்லப் போகிற ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். இவர் உள்ளங்கையை விரித்துச் சாவியைப் பார்த்தார். என் கையில் வைத்தார். காரைச் சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

பிள்ளையோடு வந்த மாமா கதவைப் பிடித்தபடி நின்றார். "என்னப்பா, அவளா ஓட்டுறா?"

"ஆமாப்பா. இனிமே அவதான்."

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டேன், கால் எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வாதாடியிருக்கலாம் இந்த மனுஷன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் போதும், நான் எரிச்சல்பட்டுக்கொண்டே தைரியமாக ஓட்டியிருப்பேன். கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, லாரிகள் போய் முடியட்டும் என்று காத்திருந்தேன்.